இறைப்பு இயந்திரத்தை மிதித்தவர்கள்

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் ஆட்கள் குளிருக்கு உடுப்பு வாங்கினார்களோ இல்லையோ, முதலில் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் ஜன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பிடமும் பனியும்தான் தெரியும். இடைக்கிடை நாலு பேருடன் தமிழில் கதைக்க ஓர் இடம் இருந்தால் நல்லதுதானே. ஆனால் எண்பத்தேழில் அந்தச் சங்கம் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் போட்டி வைத்தது. அங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

போட்டியில் பிழை இல்லை. வெற்றிக் கிண்ணத்துக்கு வைத்த பெயர்தான் பிழை. அது எங்கள் ஊரில் இறைப்பு இயந்திரம் கண்டுபிடித்த பெரியவரின் பெயர். சங்கச் செயலாளர் அவருடைய கொள்ளுப்பேரன், யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கி இருப்பவர். முந்திய காலத்தில் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா என்கிற ஏற்ற மரத்தில் ஏறி மிதித்துத்தான் கிணற்று நீர் இறைப்பார்கள். பெரியவர் வாளிகளைச் சங்கிலியில் கோத்து இரும்புச் சக்கரத்தில் மாட்டி, காலால் மிதிக்க மிதிக்க நீர் விடாமல் வரும்படி ஓர் இயந்திரம் செய்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்து வெள்ளைக்காரத் துரையே வந்து பார்த்து மெச்சினாராம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் படம் தொங்கியது. நானும் அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் படித்தேன். கீழே என்றால் நிலத்தில். எங்கள் சாதி ஆட்களுக்கு இருக்க வாங்குப் பலகை கிடையாது.

மெச்சினவர்கள் சரி, மிதித்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அப்புவின், அதாவது என் தகப்பனின், பாட்டனும் அவருடைய இரண்டு தம்பிமாரும்தான் மிதித்தார்கள். பாட்டன் அந்த வீட்டுக்குச் சீதனமாக வந்தவர். நகை, காணி, கறவை மாடு, அதற்குப் பிறகு அவர். அடிமைகளைச் சட்டம் விடுவித்துவிட்டது என்றார்கள், ஆனால் அந்த வீட்டுப் படலைக்குள் சட்டம் வரவில்லை. துலா இருந்த காலத்தில் மத்தியானத்தோடு இறைப்பு முடியுமாம். இயந்திரம் வந்ததும் இன்னும் நாலு தோட்டம் செய்யலாம் என்று கண்டு, பொழுதுபடும் வரைக்கும் மிதிக்க வைத்தார்கள். ஆட்கள் போதாமல் பெண்சாதி பிள்ளைகளையும் இறக்கினார்கள். இத்தனைக்கும் அந்தக் கிணற்றில் அவர்கள் வாளி போடக் கூடாது. விடாய்த்தால் யாராவது மேலே நின்று கையில் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும்.

இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. கனடாவில் யாருக்குத் தெரியும் என்ற நிம்மதிதான். எந்த வீட்டுக்குப் போனாலும், “ஊரிலை எவடம், எந்தக் கோயிலடி?” என்று சாதியை அறிய யாராவது கிண்டுவார்கள். “நாங்கள் கனகாலம் கொழும்பிலை” என்று இவர், என் மனுசன், பேச்சை மாற்றிவிடுவார். அவர்கள் அன்பினால் விசாரிக்கிறார்கள் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கண்டுபிடிப்பாளரைப் பற்றிச் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அமெரிக்காவில் பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரம் செய்தவரைப் பிடித்துக்கொண்டாள். சப்பாத்துப் பெட்டி, ஆணி, கம்பி எல்லாம் வைத்துச் சின்னதாக ஒன்று செய்தும் விட்டாள்.

“அம்மா, இவர் பெரிய ஹீரோ எண்டு புத்தகத்திலை இருக்கு,” என்றாள். “பட், இந்த மெஷின் வந்தாப் பிறகுதான் அங்கை ஸ்லேவ்ஸ் கூடினது. கொட்டை எடுக்கிறது ஈஸியாப் போச்சு. அப்ப இன்னும் கூடப் பருத்தி நடலாம். நடுறதுக்கும் பிடுங்கிறதுக்கும் இன்னும் ஆக்கள் வேணும். ஏன் அம்மா அதை முதல் பக்கத்திலை போடேல்லை?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். “எனக்கென்னடி தெரியும்” என்று சொல்லிவிட்டு இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

அதே பெட்டியைத்தான் சங்கப் போட்டிக்கும் கொண்டு போனாள். வெல்ல மாட்டாள் என்று நினைத்துத்தான் விட்டேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் வென்றுவிட்டாள். செயலாளர் போன் எடுத்தார்.

“தங்கச்சி, மகள் வெண்டிட்டா. நல்ல கெட்டிக்காரி. பரிசளிப்பிலை வெண்ட பிள்ளைதான் பெரியவரின்ரை படத்துக்கு மாலை போடுறது. அவரைப் பற்றி ரெண்டு வசனமும் சொல்ல வேணும், என்ன?”

“ஓம் அண்ணை,” என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது?

“போட்டிட்டு வரட்டும்,” என்றார் இவர். “ஒரு மாலைதானே. படம் என்ன கடிக்கப் போகுதோ?”

“படம் கடியாது. எனக்குத்தான் கடிக்குது.”

“மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பினம். கேட்டால் எல்லாம் வெளிக்கும். பிறகு இவளை ஆர் வீட்டிலை சேர்ப்பினம்? இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?”

பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஊரில் கோயில் வாசலில் நின்று அடி வாங்கிய மனுசன் அவர். அந்த அடி பிள்ளைக்கு விழக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் என் பிள்ளை எக்கி நின்று அந்தக் கழுத்துக்கு மாலை போடுவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப நாங்கள் ஸ்லேவ்ஸா இருந்தனாங்களே?”

“ஓம்.”

“ஆருக்குத் தெரியும்?”

“எனக்கும் அப்பாவுக்கும். இப்ப உனக்கு.”

கட்டிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு, “அப்ப எல்லாரும் ஊரிலை எவடம் எண்டு கேக்கிறது உதுக்குத்தானா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

பரிசளிப்பு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் நடந்தது. மேசையில் குத்துவிளக்கு, படம், பூக்கடையில் கார்னேஷன் வாங்கிக் கோத்த மாலை. மகள் மேடைக்குப் போய் மாலையைக் கையில் எடுத்தாள். இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“இவர் கெட்டிக்காரர்,” என்று மைக்கில் தொடங்கினாள். “இவரின்ரை மெஷின் நல்லா வேலை செய்தது. அதை மிதிச்ச ஆக்கள் இவரின்ரை வீட்டு அடிமையள். மெஷின் வந்தாப் பிறகு அவையள் இன்னும் கனநேரம் மிதிச்சவை. அவையின்ரை படம் இஞ்சை இல்லை. அவை என்ரை அம்மாவின்ரை ஆக்கள். அதாலை நான் மாலை போடேல்லை.”

மாலையைச் சுருட்டி மேசையில் வைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அது அவள் வென்றது. கைதட்டல் ஒன்றும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரி இருந்தாற்போல் எழும்பிப் பின்வரிசைக்குப் போனார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எது கூட என்று கேட்டால் பயம்தான்.

இவர் சொன்னது அப்படியே நடந்தது. மகளின் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாம் போக, இவளுக்கு அழைப்பு வரவில்லை. அன்று முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று இவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆசை தீரச் சண்டை பிடித்திருப்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தனியாக வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சோபாவின் நுனியில் இருந்தார்.

“நான் எங்கடை பெரியாக்களைக் கேட்டனான், தங்கச்சி. ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. உந்தக் கதை இப்ப என்னத்துக்கு எண்டுதான் கேக்கினம்.” என்றார். “அடுத்த வருசம் படத்துக்குப் பக்கத்திலை மிதிச்ச ஆக்களின்ரை பேரையும் எழுதி வைப்பம் எண்டு யோசிக்கிறன். என்னாலை செய்யக்கூடியது அவ்வளவுதான். உங்களுக்குப் பேர் தெரியுமே?”

“மூண்டு பேரின்ரை பேரும் தெரியும்.”

அப்பு எனக்குச் சொல்லித்தந்த பெயர்கள் அவை. வேறெங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“ஐயோ, வேண்டாம் தங்கச்சி. இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்.”

ஊரில் எங்கள் வளவுக்கு வந்த பெரிய வீட்டுக்காரர் எல்லோருமே இப்போதுதான் குடித்துவிட்டு வந்தவர்கள். ஒரு செம்புத் தண்ணீர்கூட எங்கள் கையால் வாங்க மாட்டார்கள். செயலாளர் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருடைய நாக்குத்தான் சொன்னது. குசினி வாசலில் நின்ற என் மனுசன், விடு என்று கண்ணைக் காட்டினார். மகள் மாடிப்படியில் வந்து நின்றாள்.

நான் கோப்பையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

“முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை. பேர் பிறகு சொல்லுறன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் மூன்று பெயர்களும் என்னோடேயே இருந்திருக்கும். பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்து, சூட்டையும் பாராமல் மருந்து குடிக்கிற மாதிரிக் குடித்தார்.

அடியில் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முதல் பெயரைச் சொன்னேன்.