ரெட்டியார்சத்திரத்தில் இரண்டு மன்னார்க்காரர்கள்

ரெட்டியார்சத்திரத்தில் பழனி பஸ் பத்து நிமிடம் நிற்கிறது. டீக்கடை அக்காவிடம் சீனி போடாத கறுப்புத் தேநீரும், தனியாக ஒரு துண்டு கருப்பட்டியும் கேட்கிறேன். கடித்துக்கொண்டே குடிப்பது எங்கள் மன்னார் பழக்கம். கனடா போயும் விடவில்லை.

"சிலோனா? அந்தா, கேம்ப் அண்ணனும் இப்படித்தான் கடிப்பாரு" என்று பெஞ்சைக் காட்டுகிறார்.

முப்பது வருடமாக அகதி முகாமில் இருக்கும் மன்னார்க்காரர் அவர். கழுதைகள் திரிந்த எங்கள் தெருக்களைப் பற்றியே பேசுகிறோம்.

"இனி நாடு நல்லா வரும் தம்பி. பிள்ளையள் சண்டை காணாம வளருதுகள்."

"கட்டாயம் வரும் அண்ணை."

கிளாஸைக் கழுவியபடி அக்கா கேட்கிறார்: "அம்புட்டு நல்லா வரும்ங்கிறீக. சரி, ரெண்டு பேரும் எப்பப் போறீக?"

மிச்சமிருந்த கருப்பட்டியை இருவரும் ஒரே நேரத்தில் கடிக்கிறோம்.