வெயிலில் வைத்த நெல்லும் சோபாவில் இருந்த நடுவர்களும்: கல்முனையில் ஒரு நாள்

பெரும்போக வெட்டு நடக்கும் பெப்ரவரியில் கல்முனைக்குப் போனேன். மருதமுனைக் கைத்தறிச் சாறன் வாங்க அல்ல. (வாங்கினேன், அது வேறு கதை.) இந்தப் பதிவுகளை வாசிக்கும் றிஸ்னா அழைத்திருந்தாள். கல்முனைக்குப் பக்கத்து நற்பிட்டிமுனையைச் சேர்ந்தவள், பௌதிகவியல் இறுதியாண்டு மாணவி. அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் முயற்சியாண்மைக் கண்காட்சி கல்முனையில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருந்தது. நான் மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கிறவள். இப்படி ஒன்று என்றால் வீட்டில் இருக்க மாட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீற்றர், கட்டணம் 190 ரூபாய். போகும்போது இடது பக்கம் இருங்கள், சில இடங்களில் கடல் தெரியும். எட்டு இருபதுக்குக் கல்முனை. பஸ் நிலையத்துக்கு அருகில் இடியப்பமும் மீன் ஆணமும் (குழம்புதான்) சாப்பிட்டேன், 250 ரூபாய். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

றிஸ்னா செய்திருந்தது நெல்லின் ஈரப்பதம் அளக்கும் கருவி. இரண்டு தகடுகளுக்கு நடுவே நெல்லைப் போட்டால் எவ்வளவு மின்னேற்றம் தங்குகிறது என்று பார்க்கும். ஈரம் கூடக்கூட அதுவும் கூடும். இரண்டு போகமாக நூற்றுக்கணக்கான தடவை அளந்து, வரைபு கீறி, பிழையைக் குறைத்திருக்கிறாள். எதற்கு? நெல் வாங்க வருகிற வியாபாரி நாலு நெல்மணியைப் பல்லில் கடித்து, "ஈரம்" என்று சொல்லி மூடைக்கு மூன்று கிலோ கழிக்கிறான். அவளுடைய வாப்பாவுக்கும் வருடா வருடம் இதே கதை. கண்காட்சியில் தெரிவானால் பத்துக் கருவி செய்யப் பல்கலைக்கழகம் உதவும். இந்த வெட்டு முடியுமுன் அவை ஊருக்குள் வந்துவிடும்.

நான் போனபோது அவள் மேசையை மண்டபத்துக்குள்ளிருந்து தூக்கி வெளி முற்றத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினருக்குச் சோபா போட இடம் வேண்டுமாம்! முதல் நாள் மாலை வெட்டி டின்னில் அடைத்து வந்த நெல்லைத் தட்டில் பரப்பச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். பக்கத்தில் முன்கூட்டியே அச்சடித்த அட்டை: "புதிதாக வெட்டிய நெல், ஈரப்பதம் 20%."

"சேர், மூடி வெக்க உடுங்க. வெயில்ல நெல்லு காயும்" என்றாள் றிஸ்னா.

"மூடினா படத்துல என்ன மகள் விளங்கும்? விருந்தினர் வந்து பாக்கணும்."

இரண்டு தரம் மூடினாள். இரண்டு தரமும் வந்து திறந்துவிட்டுப் போனார்கள். ஒன்பது மணி விழாவுக்குப் பிரதம விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். மாலை, பொன்னாடை, உரை. புத்தாக்கம் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் கதைத்தார். வெளியே அந்தப் புத்தாக்கம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. றிஸ்னா இடையிடையே அளந்து மேசையிலிருந்த தாளில் குறித்தாள். பதினெட்டு. பதினாறு. அட்டையிலுள்ள இலக்கத்தையாவது வெட்டிவிடுவோம் என்று நான் பேனாவை எடுத்தேன். "அச்சடிச்ச அட்டையில கை வெக்காதீங்க மிஸ்" என்று ஓடி வந்தார் அதே ஒருங்கிணைப்பாளர். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

பகல் புரியாணி முடிந்து மூன்றே காலுக்கு நடுவர்கள் வந்தார்கள். கருவி பதினாலு காட்டியது. மூத்த நடுவர் அட்டையைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார்.

"இருபதெண்டு எழுதியிருக்கு. இது பதினாலு காட்டுது. கருவி பிழை."

"இல்ல சேர், நெல்லு காஞ்சிட்டு. மெசின் சரியாத்தான் சொல்லுது."

"காரணம் சொல்லப்படாது மகள்."

"அரை மணித்தியாலம் தாங்க சேர். ஈர நெல்லு கொண்டு வாறன்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஓட்டோவில் பாய்ந்து ஏறினோம். "நானா, நற்பிட்டிமுனை வயலுக்கு, கெதியா!" என்று ஓட்டுநர் அண்ணனிடம் சொன்னாள். போய்வர 600 ரூபாய். ஓட்டுநர் பேரம் பேசி நிற்கவில்லை, விட்டார் பாருங்கள் ஓட்டம். வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. டின்னை நிரப்பி மூடியை இறுக்கினோம். திரும்பும் வழியில் மடியிலேயே கருவியை வைத்து அளந்தாள். இருபத்தொன்று!

மண்டபத்தை நெருங்கும்போது எதிரே ஒரு வெள்ளை வேன் வந்தது. "அது நடுவர்மாருட வேன்தானே?" என்றார் ஓட்டுநர். றிஸ்னா வெளியே எட்டி டின்னை உயர்த்தி ஆட்டினாள். வேன் நிற்கவில்லை. நாங்கள் போய் இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

கல்முனைக்குப் போக நினைப்பவர்களுக்கு: பெப்ரவரி நல்ல காலம், வெயில் ஏறுமுன் சுற்றி முடியுங்கள். வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். ஐந்தரைக்குப் பிறகு மட்டக்களப்பு பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வர வேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன்.

ஒரு வாரம் கழித்து நடுவர்களின் குறிப்பை றிஸ்னா அனுப்பினாள்: "நேரம் செல்லச் செல்ல அளவீடு மாறுகிறது. நம்பகமற்றது." ஈரம் அளக்கும் கருவிக்கு இது குறையாம்! படித்த மனிதர்கள், கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள்.

நேற்று அவளுடைய குரல் பதிவு வந்தது. "அக்கா, நாலு நாள் காயவெச்ச நெல்லு. வாப்பா மெசினக் காட்டினாரு, பதிமூணு. பதினாலுக்குக் கீழ எண்டா நல்லாக் காஞ்ச நெல்லு. வியாபாரி சிரிச்சானாம். 'யூனிவசிற்றியே பிழையெண்டு சொன்ன சாமான்தானே' எண்டுட்டு, நெல்லக் கடிச்சுப் பாத்து, மூடைக்கு மூணு கிலோ கழிச்சிட்டான் அக்கா."

நெல்லோடு கண்காட்சிக்குப் போகும் பிள்ளைகளே, டின்னைத் திறக்காதீர்கள். யார் வந்து சொன்னாலும் திறக்காதீர்கள்.