முசல்லாவுக்கு அடியில் நான்கு முட்டைகள்

மார்ச் மாதம். பெரும்போக அறுவடை முடிந்து, குளிருக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் காலம். எனக்கு வீட்டில் கால் தரிக்காது. தங்கச்சியின் கணவன், என் மச்சான், வான் வண்டியை எடுத்தான். கல்முனையிலிருந்து தெற்கே, பொத்துவில் தாண்டி, பாணமையும் தாண்டினோம். ஒரு பக்கம் காய்ந்த புல் தரவை. மறுபக்கம் பாலைவனத்தை அள்ளிக் கொட்டியதுபோல் மணல்மேடுகள். காலை முழுக்கத் தொலைநோக்கியும் கையுமாக அலைந்தேன்.

லுஹர், நண்பகல் தொழுகை நேரம். மச்சான் போனில் கிப்லாத் திசை பார்த்துத் தரவையில் தொழுகை விரிப்பை, முசல்லாவை, விரித்தான். "பயணத் தொழுகைதானே, ரெண்டு ரக்அத். நீங்க இமாமா முன்னுக்கு நில்லுங்க." மாடு மேய்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவரும் வந்து அவன் பக்கத்தில் நின்றார். எங்கள் பக்கம் மூத்தவரைக் காக்கா என்போம்.

தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கியதும் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்தத் தொடங்கியது. தலைக்கு மேல் வட்டமிட்டது. பிறகு எனக்கு முன்னால் இறங்கி, ஒரு சிறகை இழுத்து இழுத்து நொண்டியது. முட்டைக்குப் பக்கத்தில் ஆள் வந்தால்தான் அது அப்படி நடிக்கும். எனக்குத் தெரியும். ஓர் உயிரைக் காக்கத் தொழுகையை முறிக்கலாம் என்பதும் தெரியும். ருகூவில் குனிந்தபோதும் நேரம் இருந்தது. ஆனால் பின்னால் இருவர். குருவிக்காகத் தொழுகையை விட்டவன் என்ற பேர் எனக்கு முன்னே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஓதிக்கொண்டே போனேன். என்ன ஓதினேன் என்று கேட்காதீர்கள்.

ஸுஜூதுக்கு மண்டியிட்டபோது வலது முழங்காலுக்குக் கீழே ஏதோ மெல்ல நொறுங்கியது.

அடுத்த ரக்அத்திலும் அதே இடத்தில்தான் முழங்காலை வைத்தேன். விலக்கி வைக்கத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது.

ஸலாம் கொடுத்து முடித்து முசல்லாவைத் தூக்கினால் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். மூன்று நசுங்கிக் கிடந்தன.

காக்கா குந்திப் பார்த்தார். "ஒலகத்துக் குருவியெல்லாம் தூரக் கண்ணாடியில பாக்கிறியள் தம்பி, காலுக்குள்ள இரிந்தது தெரியல்லயா?" சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தெரிஞ்சிருந்தா தொழுகைய முறிச்சிருப்பியள்."

"ஓம் காக்கா," என்றேன்.

"ஒண்டு மிச்சம் இரிக்கி. நாம தூரப் போனா வந்து குந்தும்."

தூரப் போனோம். பயணத்தில் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துத் தொழ வேண்டியிருந்தது. மச்சானை முன்னுக்கு நிற்கச் சொன்னேன். காற்சட்டை முழங்காலில் மஞ்சள் கரு காய்ந்து விறைத்திருந்தது.

திரும்பும் வழியில் சொல்லிவிட வாயெடுத்தேன். மச்சான் முந்திக்கொண்டான். "அந்தக் கத்துக் கத்தியும் நீங்க அசையல்லயே மச்சான்! எனக்கெண்டா எத்தினயாவது ரக்அத் எண்டதே மறந்து போச்சு."

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் அதைச் சொன்னான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நாலு பேரிடம் சொன்னான். "தொழுறதெண்டா அப்படித் தொழோணும்." அவர்கள் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள்.

நானும் கையைக் கொடுத்தேன்.