பெண்கள் பக்கத்துக் கதவு

கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பழைய தியேட்டருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்தேன். சும்மா போகிற ஆளா நான்? உள்ளே நுழைந்துவிட்டேன். முதலாளியின் பேரனாம், முன்பக்கத்தை மட்டும் பழசு மாறாமல் வைத்துக்கொண்டு கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறானாம். கூரையைக் காணோம். பெண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டைச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. வௌவால் நாற்றம் குப்பென்று ஏறியது. எனக்கோ அங்கே தாய்ப்பால் புளித்த வாடைதான் ஞாபகம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் ஓடவில்லை. என் மூத்தவனுக்கு அப்போது நாலு மாசம். "ஊரே கெட்டுக் கெடக்குது, இப்ப இன்னா சினிமா? வூட்ல கெடயேன்" என்றார் மாமியார். கேட்டால்தானே. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு மேட்னிக்குப் போய்விட்டேன். நடக்கிற தூரம்தான், படம் முடிந்ததும் ஓடிவந்துவிடலாம் என்று நினைப்பு.

இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் வெளியே கூச்சல். தகரக் கூரையில் கல் விழுந்தது. மேனேஜர் பயந்துபோய் எல்லாக் கதவையும் பூட்டிவிட்டார். படம் முடிந்தும் திறக்கவில்லை. ஜனங்களை அடக்கி வைக்க ஆபரேட்டர் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார். செத்துப்போன கதாநாயகன் எழுந்து வந்து பாட்டுப் பாடினான். யாருக்கு வேண்டும் அவன் பாட்டு? எனக்கு மார் கட்டிக்கொண்டு வலி உயிர் போனது, ரவிக்கை நனைந்துவிட்டது. எங்கள் வீட்டில் மாடும் இல்லை, புட்டிப்பாலும் இல்லை. பிள்ளை பசியில் துடிப்பானே என்று போய்ப் போய்க் கதவைத் தட்டினேன். "பயப்படாத, இப்ப தொறந்துடுவாங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். பிறகு தூங்கிவிட்டார், புண்ணியவான்.

பக்கத்தில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் பிள்ளையாம். தாய்க்காரி இடைவேளையில் கடைக்குப் போனவள், வெளியே மாட்டிக்கொண்டாள். "இப்பிடி குடுங்க, நான் பால் குடுக்கறேன்" என்று கை நீட்டினேன். "நீங்க இன்னா ஆளுங்க?" என்றாள். சொன்னேன். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அது குரல் கம்மிப்போகும்வரை அழுதபிறகுதான் என் மடியில் போட்டு, தன் முந்தானையால் மறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அது வாய் வைத்து உறிஞ்சியதும் வலி இறங்கிய சுகத்தில் அழுதுவிட்டேன்.

பொழுது சாயும்போது கதவைத் திறந்தார்கள். தாய்க்காரி ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். "அழுதுக்கினே தூங்கிட்டான், அண்ணி" என்றாள் நாத்தனார்க்காரி, என் பக்கம் திரும்பாமல்.

நான் வீட்டுக்கு ஓடினேன். தூளியில் என் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எடுத்து மாரில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. வயிறு கிண்ணென்று இருந்தது, கடைவாயில் பால் காய்ந்திருந்தது. மாமியார், வேறு சாதி ஆட்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். "அழுதுக்கினே தூங்கிட்டான்" என்றார், அடுப்பைப் பார்த்தபடி. நான் பிள்ளையின் கடைவாயை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மண்டபத்துக்கு அந்தக் குட்டைச் சுவர் தேவையில்லையாம், இடித்துவிடுவார்களாம். எங்கள் தெருவில் அப்போது இருந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டு மூலைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். மாமியார் போயும் ரொம்ப வருஷமாகிறது. அன்றைக்கு என் பிள்ளைக்குப் பால் கொடுத்த புண்ணியவதி யாரென்று சொல்ல இனிமேல் யாருமில்லை.