கோணல் கம்பு கேட்டு வந்த அஞ்சலை அக்கா

பாகூரில் என் சவுக்கு டிப்போவில் லாரிக்குக் கம்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சோரியாங்குப்பத்துப் பால்காரர். "அஞ்சலை அக்கா நம்மள வுட்டுப் பூட்டாங்க அண்ணே. காலையில பால் ஊத்தப் போனேன், கதவே தெறக்கல." லாரியை அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். பாதிச் சரக்கில் வேலையை விட்டால் அக்காவே திட்டியிருப்பார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோரியாங்குப்பத்தருகே தென்பெண்ணை ஆறு வளைகிறது. இக்கரை புதுச்சேரி, அக்கரை தமிழ்நாடு. வளைவின் வெளிப்பக்கம், இக்கரையில், அரைக் காணி நிலம் வாங்கி ஓரமாக வீடும் கட்டியவர் அஞ்சலை அக்கா. நாற்று நட்டும் களை பறித்தும் சேர்த்து வாங்கியது. பிறந்த வீட்டிலும் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அதற்கு முன் யாருக்கும் ஒரு குழி நிலம் சொந்தமாக இருந்ததில்லை. அது ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது முதல் மழையில்தான் அவருக்குத் தெரிந்தது. கரை இடிந்துகொண்டே இருந்தது.

கணவர் காலமான வருடம் என்னிடம் வந்தார். கரையோரம் வரிசையாகக் கம்பு அடித்து அடைக்க வேண்டும் என்றார். அது நிற்காது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனாலும் நான் வியாபாரி. நல்ல நேர்க் கம்பாகப் பார்த்து விற்றேன். ஐப்பசி வெள்ளம் கம்பையும் கரையையும் சேர்த்துக் கொண்டுபோனது. வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்து டிப்போ வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டா கம்புக்காரா, உன் கம்பெல்லாம் எங்க கெடக்குது தெரியுமா? அக்கரையில. என் மண்ணும் அங்கதான் மேடு கட்டிக்கினு கெடக்குது. டிக்கெட்டு கூட எடுக்காம தமிழ்நாட்டுக்குப் பூடுச்சு."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். "இப்ப இன்னாக்கா பண்ணணும்ன்ற?"

"கோணக் கம்பு குடு. விக்காம கெடக்குதே, அதான் வேணும்."

அந்த வாரம் முழுவதும் அவர் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்திருக்கிறார். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையின் அடியைக் குடைகிறது. தாங்கல் இல்லாமல் மேல்மண் சரிகிறது. உள்பக்கம் வேகம் குறைவு. சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கே இறக்கிவிடுகிறது. அவர் இதைச் சொன்ன விதம் வேறு: "வேகமா ஓடறப்பதான்டா அது திருடுது. மெதுவா நடக்க வுட்டா, கையில இருக்கறத கீழ போட்டுட்டுப் பூடுது."

ஆகவே சுவர் வேண்டாம் என்றார். கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்வாக நான்கு வரிசை, இடையிடையே கிளைகளைச் செருகித் தண்ணீரைத் தடுமாற வைத்தால் போதும், அதற்குக் கோணல் கம்பே போதும் என்றார். கோடையில் ஆறு வற்றியதும் தாமே இறங்கி அடித்தார். உதவிக்கு யாரும் போகவில்லை. ஊரார் சிரித்தார்கள், நானும் சிரித்தவன்தான்.

கோடையிலும் அவருக்கு ஓய்வில்லை. வெயிலில் வெடித்த கரையைக் காட்டி, "மழையிலயா இடியுது? இப்பவே ஆரம்பிச்சாச்சு பாரு" என்பார். முதல் மழை அந்த வெடிப்புகளில்தான் இறங்கும். ஒவ்வொன்றையும் களிமண் குழைத்து அடைப்பார்.

ஓசூரில் வேலையிலிருக்கும் மகன் வந்து கூப்பிட்டான். "தண்ணியில போற நெலம்மா, வுட்டுட்டு வா."

"நானும் வந்துட்டா அது தொணையில்லாமப் போவும்டா" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது.

வருடா வருடம் டிப்போவுக்கு வருவார். கம்பு பொறுக்க அரைமணி நேரம் ஆகும். அவர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். பேச ஆளில்லாமல் வருகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஆளில்லை என்பதை அவரிடம் சொன்னதில்லை. என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லோருக்கும் விலை குறைய வேண்டும். அவர் ஒருவர்தான் ஆற்றைப் பற்றிப் பேசினார்.

போன மழைக்குள் பாதி நிலத்துக்கு மேல் ஆற்றோடு போய்விட்டிருந்தது. கடைசியாக வந்தபோது, "இன்னுமா கம்பு கேக்கற?" என்றேன். "வூடு நிக்குதுல்ல, எடுத்து வை" என்றார். கிளம்பும்போது, "ஒரு நடை வந்து பாருடா" என்றார். சரக்கு இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அந்த வாரத்தில்தான் பால்காரர் போன் செய்தார்.

அடக்கம் முடிந்ததும், எடுத்து வைத்த கம்புகளைப் பற்றி மகனிடம் கேட்டேன். "இனிமே அது இன்னாத்துக்கு மாமா?" என்றான். கோபமில்லை, களைப்புதான்.

மூன்றாம் நாள் அவற்றை டெம்போவில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். சென்ற கோடையில் கம்பு இறக்கப் போனபோது, ஆறு வற்றியிருந்தும் வரிசைகளுக்கு நடுவே குடைந்த பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் தேங்கி நின்றது. இப்போது இறங்கினால், கால் கணுக்கால் வரை புதைந்து அங்கேயே நின்றது. வண்டல். ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். அதில் விரல் உயரத்துக்கு முளைக்கீரை, நூல் பிடித்த மாதிரி மூன்று வரிசை.

இதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கீரையை மிதிக்காமல் ஓரமாக நின்று, கொண்டுபோன கம்புகளை ஒவ்வொன்றாக அடித்தேன். கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் கரையேறினேன்.

"மண்ணு நிக்குதுக்கா. பாத்துட்டேன்."