இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில்

ஆஸ்பத்திரியின் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொண்டவனுக்கு அங்கே 'ரெட்டை' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அதே பேச்சுதான். கீழ்த்தள அறையில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் இரண்டை ஜோடி சேர்த்து, ஒன்றுபோல இயங்க வைத்திருந்தான். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஆளுக்கொரு ஸ்விட்சுக்குப் போகிற மாதிரி இரண்டு கேபிள். இரண்டும் சேர்ந்து ஒரே இணைப்பு. ஒரு ஸ்விட்ச் படுத்துக்கொண்டாலும் மற்றது தாங்கும். அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்த அக்காவிடம் சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்வான். அவளுக்குப் பாதிதான் புரியும். பெருமை மட்டும் முழுசாக இருக்கும்.

நிர்வாகி அந்த அறையைப் பார்க்க வந்த காலையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே, "ஒண்ண அணைச்சாலும் ஒண்ணும் ஆகாது சார், பாருங்க" என்று ஒரு ஸ்விட்சின் மின்வயரைப் பிடுங்கினான்.

ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்தது. பிறகு போன் அடித்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் எந்த வார்டிலும் வரவில்லையாம். குனிந்து பார்த்தான். பரிசோதனைக்கூடத்துச் சர்வரின் இரண்டு கேபிளும் அணைந்த ஸ்விட்சிலேயே இருந்தன. செருகியவன் அவனேதான். செருகிய அன்றைக்கு ஒரு கேபிள் மற்ற ஸ்விட்சுக்கு எட்டவில்லை. நீளமானது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவன் அப்படியே மறந்துபோனான். நிர்வாகி படியேறிப் போனார்.

மின்வயரைத் திரும்பச் செருகியும் ஸ்விட்ச் உடனே எழுந்துகொள்ளவில்லை. அவன் அவசரப் பிரிவுக்கு ஓடினான். வாசலில் கால் நின்றுவிட்டது. பரிசோதனைக்கூடத்துக்கே ஓடி, முடிவுத் தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்திருந்த அக்கா, கடுகடுத்த டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் தம்பி கீழதான் இருக்கான் டாக்டர். எவனோ எதையோ கெடுத்திருப்பான். இவன் சரி பண்ணிடுவான்."

அவனுக்குக் காது மடல் எரிந்தது. சத்தமில்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் உள்ளே போனான்.

"கெடுத்தது நான்தான்க்கா. பெரிய இவனாட்டம் காட்டிக்கிறதுக்காக அணைச்சேன்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா பார்க்கவே இல்லை. மேசையிலிருந்த ரத்தக் குப்பிகளை எடுத்து நீட்டி, "கொண்டுபோய்க் குடு. ரிசல்ட்டக் கையோட வாங்கிட்டு வா" என்றாள்.

ஓடினான். வார்டுக் கணினித் திரையில் முடிவுகள் மறுபடி வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தான். நல்லவேளை, எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை; வேலையும் போகவில்லை.

நீளமான கேபிளைப் போட்டபின் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. இந்த முறை வார்டு வார்டாகப் போய், தான் என்ன செய்யப்போகிறான், போன முறை என்ன தப்புச் செய்தான் என்று சொல்லிவிட்டு வந்தான். கடைசி வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அம்மா நிமிர்ந்து, "அன்னிக்கு ரிசல்ட்டுக்காக நாங்க ஓடுன ஓட்டம் உங்களுக்கென்ன தெரியும் சார்" என்று தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கும்வரை அவன் தலை குனிந்தபடி நின்றான்.