லேமினேஷன் போட்ட நடுப்பக்கம்

எங்கள் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கங்கள் இரண்டும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. சின்னாளபட்டிப் பக்கம் உள்ள ஒரு கல்லூரி. பிள்ளைகள் எழுதுவார்கள், நான் திருத்துவேன், கல்லூரி ஒரு கட்டு பேப்பர் வாங்கிக்கொள்ளும். திருத்துவேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே ஒழிய, நான் பள்ளிக்கூடத்தையே முழுசாகப் பார்த்தவன் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுத வந்தவன். பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வேன்: "ஆபீசர் சொன்னதை ஒரு வரியில முடி. அந்தம்மா சொன்னதை அப்படியே எழுது."

இந்த வருஷம் அந்தக் கல்லூரியின் துறைத் தலைவர் கூப்பிட்டார். "பேப்பர் லைப்ரரியில பிரிக்காமலே கிடக்கு சார். வெளியில விக்குதுன்னு காட்டுங்க. இல்லேன்னா நிறுத்திருவோம். ஒரு இன்ஸ்டா பக்கம் ஆரம்பிச்சுக்கிறோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அகரம் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் ஊர் நிறுத்தத்தில் விடிகாலை மினி பஸ் நிற்பதில்லை. மல்லிகைக் கூடையோடு பெண்கள் நிற்பதைப் பார்த்தால் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுவார். பூ மார்க்கெட்டுக்கு நேரத்தில் போகாவிட்டால் விலை இறங்கிவிடும். ஓர் அக்கா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தாள்: "கல்யாணத்துக்கு எங்க பூவு வேணும், கருமாதிக்கு எங்க பூவு வேணும். பஸ்ஸுக்குள்ள மட்டும் நாறுதாக்கும்?"

படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். "இது விக்கும் தாயி" என்றேன்.

சனிக்கிழமை அவளே ஒரு கட்டு பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். பெண்கள் அத்தனை பேர் படமும் வந்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்றாவது வாங்கமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. மறுநாள் நானும் போனேன். நிறுத்தத்து வேப்பமரத்தில் எங்கள் நடுப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. லேமினேஷன் போட்டு, ஓட்டை போட்டு, கம்பி கட்டி! பேப்பரில் படம் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் லேமினேஷன் போடாமல் விடமாட்டார்கள். ஆனால் ஊருக்கே சேர்த்து ஒன்றைப் போட்டு மாட்டியதை அங்கேதான் பார்த்தேன். மீதிக் கட்டு பக்கத்து டீக்கடை பெஞ்சில் கட்டுப் பிரியாமல் கிடந்தது.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கங்களேன்" என்றேன்.

பூ நாறுதாக்கும் என்று கேட்ட அக்காதான் சிரித்தார். "எதுக்கு அப்பு? இதுன்னா மழைக்கும் நனையாது. அதையெல்லாம் வித்தீகன்னா, நாளைக்கு எவனாவது எங்க மூஞ்சியில வடைய வச்சு எண்ணெயப் பிழிவான்."

"வீட்டுல வச்சுப் படிக்கலாம்லக்கா?"

"படிக்கத்தான் போன்ல இருக்கே. மலேசியாவுல இருக்க என் தம்பி மகன் நேத்தே படிச்சுட்டான்ல!"

மரத்தில் தொங்கியதை யாரோ படம் பிடித்து, அது ஊர் ஊராகப் போய்விட்டது. அக்காவின் பேச்சைக் கேட்க அம்புட்டு நன்றாக இருந்தது. விற்காத கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வாரமே அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. நின்ற கையோடு ஃபிளெக்ஸும் வந்தது. பஸ்ஸை நிற்கவைத்த வார்டு கவுன்சிலருக்கு நன்றி. அவருக்கு இரண்டு பக்கமும் சிங்கம். செய்தியைப் பரப்பிய வாட்ஸ்அப் குரூப் அட்மின்களுக்கு நன்றி; ஆளாளுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் கூலிங்கிளாஸ். எழுதியவளுக்கு ஒரு மூலைகூட இல்லை.

அன்று மாலை துறைத் தலைவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் பக்கம்தான். மேலே பத்திரிகைப் பெயரையும் கீழே அந்தப் பிள்ளையின் பெயரையும் யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். கூடவே ஒரு வரி: "இந்த மாதிரி மக்கள் பிரச்சினை உங்க பேப்பர்ல ஏன் சார் வரவே மாட்டேங்குது?"

உடனே கூப்பிட்டேன். "சார், அது நம்ம பேப்பர். எழுதுனது உங்க ஸ்டூடண்டு."

"அப்படியா!" நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "ரொம்ப நல்லாருக்கு சார். எத்தனை வித்துச்சு?"

"ஒண்ணு சார்" என்றேன்.

"அதான் சார் நானும் சொல்றது" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கூப்பிட்டதுமே, "சார், அடுத்த வாரத்துக்கு நூல் விலையைப் பத்தி எழுதியிருக்கேன். தறிக்காரங்க என்னமாப் பேசுறாங்க தெரியுமா!" என்று ஆரம்பித்துவிட்டாள். முழுக்கச் சொல்லவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். நடுப்பக்கம் இனி இல்லை.

பிறகு கேட்டாள்: "மறுபடி அந்த பஸ்ஸு நிக்காமப் போச்சுன்னா?"

"குரூப்புல போடுவாங்கம்மா."

"எதை சார் போடுவாங்க?"